பசளைக்குத் தடையா, வரியா?

பசளை விற்கும் நானே பசளைக்கு வரி வேண்டும் என்று எழுதினால் வியாபார நண்பர்கள் கோபிக்கக் கூடும். கணக்கைப் பார்த்துவிட்டுக் கோபியுங்கள்.

கற்பிட்டியின் மணல் நிலத்தில் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குகிறது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் இதே கதைதான். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதை மீறினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளே. இந்த நட்டம் எமது கடைப் பில்லில் வருவதில்லை.

எமது அரசாங்கங்கள் இரண்டு வழிகளைப் பார்த்துவிட்டன. 2005இல் தொடங்கிய மானியத்தில் நெல் விவசாயிக்கு 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. மலிந்த பொருளை அளந்து போடுபவர் யார்? 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கே தடை வந்தது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் கெட்டு, அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது.

சுவீடன் நடுவழியில் போனது. 1984இல் பசளைக்கு வரி விதித்தது. பின்னாளில் நைத்திரசன் ஒரு கிலோவுக்கு 1.80 குரோனர் அறவிட்டது. 50 கிலோ யூரியா மூடையில் நைத்திரசன் 23 கிலோ. ஆக மூடைக்கு ஏறத்தாழ 41 குரோனர். கட்மியம் கூடிய பொஸ்பேற்றுக்குத் தனி வரி. அதனால் இறக்குமதியாளர்கள் சுத்தமான சரக்கைத் தேடினார்கள். அயல்நாட்டு விவசாயி வரியின்றி விளைவிக்க, தாம் மட்டும் கட்டுவதா என்று அந்நாட்டு விவசாயிகள் முறையிட்டார்கள். 2010இல் வரி நீக்கப்பட்டது.

எமக்கு இதில் பாடம் உண்டு. எமது பசளையில் பெரும்பகுதி துறைமுகம் வழியாகவே வருகிறது, அங்கேயே அறவிடலாம். மூடைக்கன்றி, உள்ளிருக்கும் நைத்திரசனுக்கும் கட்மியத்துக்கும் வரி போட வேண்டும். சேரும் பணத்தைக் காணியின் அளவுப்படி விவசாயிக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்திய வெங்காயத்தோடு எமது வெங்காயம் போட்டிபோட முடியாது. அளவாகப் போடுபவருக்கு இலாபம். அள்ளிப் போடுபவருக்குச் செலவு.

வியாபாரிக்கும் இதுவே நல்லது. ஒரு வருடம் முன்னரே அறிவித்த வரியை விலையில் சேர்த்துச் சரக்கெடுக்கலாம். ஒரே இரவில் வரும் வர்த்தமானிக்கு எந்த முதலாளியால் கணக்குப் பார்க்க முடியும்?