பழச்சாறும் கிழங்குச்சாறும்

திருவண்ணாமலையினின்று செஞ்சி நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது எமது கீழ்பென்னாத்தூர். மணிலாக்கொட்டையும் நெல்லும் கரும்பும் விளையும் இவ்வூர்ப் பக்கங்களில் பங்குனி பிறந்தது முதல் வெயிலின் கொடுமை சொல்லுந்தரமன்று. அக்காலத்தே நம் முன்னோர் விரும்பிப் பருகியவை நீர்மோரும், பானகமும், பதநீரும், கேழ்வரகுக் கூழுமாம். இவை இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. எனினும், புதுப் பழங்களையும், காரட், பீட்ரூட் முதலியவற்றையும் பிழிந்து சாறெடுத்துப் பருகும் வழக்கம் இப்பொழுது வீடுகள்தோறும் பரவி வருகின்றது. இது நல்வழக்கமே. ஆயினும், செய்யும் முறையறிந்து செய்தாலன்றி நன்மை தீமையாய் முடிதலும் உண்டு. இதனை யான் நூல்வாயிலாக அறிந்ததற்கு முன்னரே எம் வீட்டில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியால் அறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் சிறிய தாயாரின் மகன், ஐந்து வயதுச் சிறுவன், காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தான். அவனுக்கு இரத்தம் ஊறவேண்டுமென்று, சிற்றன்னையார் காலையில் காரட்டையும் பீட்ரூட்டையும் அரைத்துப் பிழிந்து, பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியை மாலைக்கென மூடி அடுக்களையில் வைத்தார். சித்திரை மாதத்து வெயில். மாலையில் அச்சாறு சிறிது நுரைத்திருந்தது. "காலையில் பிழிந்ததுதானே" என்று அதையும் கொடுத்துவிட்டார். அன்றிரவே பிள்ளைக்கு வாந்தியும் பேதியும் கண்டன. விடியுமுன் கண்கள் குழிந்து, நா வறண்டு, துவண்டு போனான். உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த நீரை இரவெல்லாம் சிறிது சிறிதாகப் புகட்டி, காலையில் மருத்துவரிடம் கொண்டு சென்றமையால் பிழைத்தான். மருத்துவர் சிற்றன்னையாரை நோக்கி, "அம்மா, சாறு கொடுத்தது பிழையன்று, அதைக் காக்க வைத்ததே பிழை" என்றார். அச்சொல்லின் பொருளை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

சாற்றிலுள்ள சத்து

பழச்சாற்றின் பெருமையை உலகம் அறிந்தது கப்பலோட்டிகளின் துன்பத்தால். நெடுநாள் கடலிற் செல்வோர் புதுக் காய்கனி கிடையாமையால் ஈறுகள் வீங்கிக் குருதி கசிந்து மாண்டனர். 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் ஆங்கிலக் கடற்படை வைத்தியர், அந்நோயுற்ற மாலுமிகள் பன்னிருவரை இருவர் இருவராய்ப் பிரித்து, ஒவ்வோர் இருவருக்கும் வெவ்வேறு மருந்தளித்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவிற் குணமடைந்தனர். அக்கனிகளில் அடங்கியிருந்த பொருள் வைட்டமின் 'சி' என்னும் ஜீவசத்து என்பது இருபதாம் நூற்றாண்டிலேதான் புலனாயிற்று. அவ்வாராய்ச்சிக்காக ஹங்கேரி நாட்டு அறிஞர் செண்ட்-கியோர்கி 1937-இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் தமிழ்நாட்டிலும் உணவாராய்ச்சிக்குப் பெயர்பெற்ற இடம் ஒன்றுண்டு. அது நீலகிரியிலுள்ள குன்னூர். அங்கே 1918-இல் மெக்காரிசன் என்னும் மருத்துவர் சிறிய அளவில் தொடங்கிய ஆராய்ச்சி நாளடைவில் பெரியதோர் ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்தது. அவருக்குப்பின் தலைமையேற்ற ஐக்ராய்ட் 1937-இல் நம் நாட்டு உணவுப் பண்டங்களின் சத்துக்களை அளந்து அட்டவணையாக வெளியிட்டார். அந்நிலையம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய உணவூட்ட நிறுவனம் என வழங்குகின்றது. இத்தகைய அட்டவணைகளால் நாம் அறியும் உண்மைகளுள் ஒன்று, விலையேறிய பழமே சத்து மிகுந்ததென எண்ணுதல் மயக்கம் என்பதாம். நம் புழைக்கடைக் கொய்யாவில் வைட்டமின் 'சி' ஆரஞ்சினும் பன்மடங்கு மிகுதி, நெல்லிக்கனியிலும் அவ்வாறே.

காரட்டின் பெருமை வேறு. அதன் பொன்னிறத்துக்குக் காரணமான கரோட்டின் என்னும் பொருளை நம் உடல் வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்ளும். இச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் உண்டாம். குறை முற்றினால் கண்ணே அவியும். இக்காரணம் பற்றியே இந்திய அரசாங்கம் 1970-இல் சிறுவர்க்கு வைட்டமின் 'ஏ' மருந்தளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. காரட் நீலகிரி போன்ற குளிர்ந்த நிலங்களில் மிகுதியாய் விளைந்து நம் சந்தைக்கு வருவது. அதை வாங்க இயலாதார் வருந்த வேண்டுவதில்லை. பப்பாளிக்கனியிலும், மாங்கனியிலும், முருங்கைக்கீரையிலும் அச்சத்து உண்டு.

பீட்ரூட்டைப்பற்றி ஒரு வார்த்தை. அதன் சிவப்பைக் கண்டு, அது நேரே இரத்தமாக மாறுமென்று பலர் நம்புகின்றனர். அச்சிவப்பு ஒரு சாயப்பொருளேயன்றி இரும்புச்சத்தன்று. இரும்பு அதில் சிறிதளவே உண்டு. ஆதலின் இரத்தசோகையுற்ற கருப்பவதிகள் பீட்ரூட் சாற்றை மட்டும் நம்பி மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரைகளைக் கைவிடுதல் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாம். இச்சாற்றைப் பருகியபின் சிலருக்குச் சிறுநீர் செந்நிறமாய் இறங்கும்; அதற்கு அஞ்ச வேண்டா.

பழமும் கிழங்கும் ஒன்றல்ல

இனி மருத்துவர் கூறிய சொல்லுக்கு வருவோம். எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு, அன்னாசி முதலியவற்றின் சாறு புளிப்புடையது. நோய்க்கிருமிகள் பல புளிப்பில் எளிதில் பெருகமாட்டா. காரட், பீட்ரூட் ஆகியவற்றின் சாற்றிலோ புளிப்பு மிகக் குறைவு, இனிப்பு உண்டு. ஆதலின் அது கிருமிகளுக்கு விருந்து போன்றது. அன்றியும், பழம் மரத்தில் தொங்குவது. கிழங்கோ எருவும் மண்ணும் கலந்த பூமியினுள் கிடப்பது. மண்ணிலுள்ள கிருமிகள் அதன் தோலிலும் வெடிப்புக்களிலும் ஒட்டிக்கொண்டே அடுக்களைக்கு வருகின்றன. சமைக்குங்கால் தீ அவற்றுட் பெரும்பாலானவற்றை அழித்துவிடும். சாறு பிழியுங்கால் தீயின் உதவி நமக்கில்லை. நீரும் நம் கைத்தூய்மையுமே துணை.

இவ்வுண்மையை 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கானடாவிலும் நேர்ந்த துன்பம் நன்கு காட்டும். புட்டியில் அடைத்து விற்ற காரட் சாற்றைப் பருகிய சிலர், கை கால்கள் செயலற்று, மூச்சுவிடவும் இயலாது வருந்தினர். மண்ணில் வாழும் ஒருவகைக் கிருமி, காற்றுப்புகாத புட்டியினுள்ளே, போதிய குளிரில்லாதபோது பெருகி நஞ்சைக் கக்கியதே காரணம். வீட்டில் பிழிந்து உடனே பருகும் சாற்றில் இந்நோய்க்கு இடமில்லை எனலாம். ஆயினும் புளிப்பில்லாத சாறு காத்திருத்தலைப் பொறாது என்னும் விதி அடுக்களைக்கும் பொருந்தும். பிழிந்த அரைமணிக்குள் பருகுக. மிஞ்சியதைக் குழம்பிலிட்டுக் கொதிக்க வைத்துவிடுக. நுரைத்ததை மண்ணில் கொட்டுக.

செய்முறை

சாறு பிழிய விலையுயர்ந்த இயந்திரம் வேண்டுவதில்லை. துருவியும், அம்மி அல்லது மிக்ஸியும், வெந்நீரிற் கொதிக்க வைத்து உலர்த்திய மெல்லிய வெள்ளைத் துணியும் போதும். முதலில் கைகளைச் சவுக்காரமிட்டுக் கழுவுக. நால்வர்க்கு அரைக்கிலோ காரட் வேண்டும். கெட்டியாயும், வெடிப்பும் அழுகலும் இல்லாததாயும் உள்ளவற்றைத் தேர்ந்து, தலைப்பகுதியை அரிந்தெறிந்து, ஓடும் நீரில் நாரால் தேய்த்துக் கழுவி, பின்னர்த் தோலைச் சீவி, மீண்டும் ஒருமுறை கழுவுக. சீவிய பின்னரே கழுவினாற் போதும் என எண்ணுதல் தவறு. மண்படிந்த தோலைச் சீவும் கத்தி அம்மண்ணை உட்சதையிற் பூசிவிடும்.

பின்னர்த் துருவி, கொதித்தாறிய நீர் அரைத் தம்ளர் தெளித்து, அரைத்து, துணியிலிட்டு முறுக்கிப் பிழிக. பீட்ரூட் சேர்ப்பதாயின் காரட்டில் நாலிலொரு பங்கு போதும். மிகுந்தால் மண்வாடை மேலோங்கும். ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றையும், சுண்டைக்காயளவு இஞ்சியையும் சேர்த்தால் சுவை கூடும், புளிப்பும் ஏறும். சர்க்கரை வேண்டா. பனிக்கட்டியும் வேண்டா, அது எந்நீரால் ஆனதென்பதை நாமறியோம். குளிர்ச்சி வேண்டுவோர் காரட்டை முன்னரே குளிர்ப்பெட்டியில் வைத்தெடுக்கலாம். மட்பானை நீரைக் காய்ச்சியாற்றிப் பயன்படுத்தினும் அமையும்.

இச்சாற்றுடன் ஒரு பிடி வறுத்த மணிலாக்கொட்டையை உண்டால் நன்று. கரோட்டின் நீரில் கரைவதன்று, எண்ணெயில் கரைவது. உணவிற் சிறிது கொழுப்பு இருந்தாலே குடல் அதை நன்கு ஏற்கும். மலையில் விளைந்த காரட்டும் எம்மூர்க் காட்டில் விளைந்த கொட்டையும் இவ்வாறு ஒன்றற்கொன்று துணையாதல் வியப்பன்றோ?

பழச்சாறு பிழிதல் இதனினும் எளிது. சாத்துக்குடியையும் ஆரஞ்சையும் அறுக்குமுன் தோலோடு கழுவுக. கொய்யாவை அரைத்து வடிகட்டுக. மாதுளை முத்துக்களை நசுக்கிப் பிழிக. நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி அரைத்து, ஒரு மேசைக்கரண்டிச் சாற்றுக்கு ஒரு தம்ளர் நீர் கலந்து, உப்புச் சிறிது சேர்த்தால் வெயிலுக்கு நல்ல பானமாம். புளிப்புள்ள சாற்றைச் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைத்தல் கூடாது. உலோகம் சாற்றிற் கரைவதோடு, செம்பு பட்டால் வைட்டமின் 'சி'யும் விரைவில் அழியும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவை தக்கவை.

விலக்க வேண்டியவை

எல்லாக் கிழங்கையும் பச்சையாய்ப் பிழியலாமென எண்ணற்க. குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியில், பச்சையாய் அரைக்குங்கால் கொடிய சயனைடு நஞ்சு வெளிப்படும். நன்கு வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிவிட்டு உண்பதே முறை. பச்சைநிறம் படர்ந்த உருளைக்கிழங்கும் நஞ்சுடையதே. சுரைக்காய் கிழங்கன்றேனும், அதன் சாற்றைப் பருகுவோர் பலராதலின் ஈண்டுக் கூறுகின்றேன். கசக்கும் சுரைச்சாறு உயிர்க்கே கேடு விளைத்ததுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு, 2012-இல் வெளியான தன் அறிக்கையில் அதனைப் பருகலாகாதென எச்சரித்துள்ளது. ஒரு துளியை நாவிலிட்டுப் பார்த்து, கசந்தால் அப்பொழுதே கொட்டிவிடுக. கசப்பே மருந்தென்னும் பழமொழியை ஆண்டுப் பொருத்தலாகாது.

யார் எவ்வளவு பருகலாம்?

பிறந்து ஆறுமாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா. ஓராண்டு நிறையுமுன் பழச்சாறு கொடுத்தல் தகாதென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-இல் அறிவுறுத்தியது. பல்லுள்ள சிறுவர்க்கும் வளர்ந்தோர்க்கும் சாற்றினும் முழுப் பழமே மேலானது. ஒரு தம்ளர் சாற்றுக்கு மூன்று சாத்துக்குடி வேண்டும். ஒரே வேளையில் மூன்று பழம் உரித்துத் தின்பார் அரியர். சாறாக்கும்போது நார்ச்சத்துச் சக்கையோடு போய்விடுகின்றது. சர்க்கரையோ முழுதும் தம்ளரிற் சேர்கின்றது. உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் வகுத்த விதியில், பழச்சாற்றிலுள்ள சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரையோடு சேர்த்தே எண்ணியுள்ளது. ஆதலின் நீரிழிவுடையார் சாற்றை நாடாது, மருத்துவர் குறித்த அளவிற் பழத்தை உண்பதே நலம். நோயாளியைக் காணச் செல்வோர் பழச்சாறு கொண்டுபோய், "உடம்புக்கு நல்லது" என்று வற்புறுத்துதல் அன்பேயாயினும், நீரிழிவுள்ள இல்லத்தில் அவ்வன்பு தீங்காய் முடியும். சிறுநீரகம் பழுதுற்றோர்க்கும் இச்சாறுகளிலுள்ள பொட்டாசியம் கேடு செய்யுமாதலின், அவர்கள் மருத்துவரைக் கேட்டே பருகவேண்டும்.

அங்ஙனமாயின் சாறு யாருக்கென்று வினவலாம். பல்லிழந்த முதியோர்க்கும், மெல்ல வலியற்ற நோயாளிக்கும், வெயிலில் உழைத்துக் களைத்து வந்தார்க்கும் அரைத்தம்ளர் சாறு உற்ற துணையாம். மற்றையோர் எப்பொழுதேனும் ஒரு விருந்தாக அதனைக் கொள்க. பிழிந்த காரட் சக்கையையும் எறியாது, பொரியலிலோ அடை மாவிலோ சேர்த்தால் நாரும் எஞ்சிய சத்தும் வீணாகா.

அச்சிறுவன் இப்பொழுது உயர்நிலைப் பள்ளியிற் பயில்கின்றான். சிற்றன்னையார் இன்றும் அவனுக்குச் சாறு பிழிந்து கொடுக்கின்றார். ஆனால் அவன் கைகழுவி வந்து எதிரில் உட்கார்ந்த பின்னரே காரட்டைத் துருவத் தொடங்குவார். தம்ளர் காலியாகும் வரை அவ்விடம் விட்டு எழவும் மாட்டார். நூல் பல கற்ற நாமும் அவ்வொரு வழக்கத்தை நம் இல்லங்களிற் கைக்கொள்வோமாக.