உஷார்! நின்றுபோன கடிகாரத்துக்குள் சாவி இன்னும் இருக்கிறது

பரணில் கிடந்த தாத்தா காலத்துச் சுவர்க் கடிகாரத்தை இறக்கி வைத்து, ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறீர்களா? தயவுசெய்து நிறுத்துங்கள். பின்பக்கத் திருகாணியில் இப்போது கை வைக்காதீர்கள்.

'பல வருஷமா ஓடாமக் கிடக்கு, உள்ளே என்ன விசை இருக்கப்போகுது?' என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். புதிதாகப் பழகுகிறவர்களின் விரல் கிழிவது இந்த நினைப்பால்தான். சாவி தீர்ந்துதான் கடிகாரம் நின்றது என்று யார் சொன்னது? பழைய எண்ணெய் பிசினாக இறுகி, தூசி சேர்ந்து, சக்கரம் நகர முடியாமல் நின்றிருக்கலாம். கடைசியாகத் தொட்டவர், ஓடுகிறதா பார்ப்போம் என்று முடிந்த மட்டும் சாவி கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த முறுக்கு எத்தனை வருஷமானாலும் தானாகக் கழன்றுவிடாது.

எட்டு நாள் ஓடக்கூடிய அமெரிக்கச் சுவர்க் கடிகாரத்தின் மெயின் ஸ்பிரிங் என்பது ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் அகலமும் எட்டடி நீளமும் உள்ள எஃகுப் பட்டை. அன்சோனியா, செத் தாமஸ் போன்ற கம்பெனிகளின் கடிகாரங்களில் பெரும்பாலும் அது மூடியில்லாமல் திறந்தே இருக்கும். இவ்வளவு நீளத்தையும் சுருட்டி இறுக்கிப் பிடித்திருப்பவை இரண்டே: ஒரு பக்கம் கிளிக் என்கிற நகத்தளவு பித்தளை அல்லது எஃகுத் துண்டு, மறுபக்கம் சக்கர வரிசை. நீங்கள் திருகாணியைக் கழற்றிப் பித்தளைத் தகட்டைத் தூக்கிய நொடியே சக்கரங்களின் அச்சு முனைகள் துளையை விட்டு வெளியே வரும். பிடிமானம் போய்விடும். எட்டடிப் பட்டையும் ஒரே வீச்சில் விரியும். அதன் விளிம்பு சதையை அறுக்கும், பல்சக்கரத்தின் பற்கள் சிதறும், அச்சு முனைகள் ஒடியும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கும் ஆபத்து. ஜெர்மன் கடிகாரங்கள் பலவற்றில் ஸ்பிரிங், பேரல் எனும் பித்தளை டப்பாவுக்குள் அடங்கியிருக்கும். அதில் பட்டை மேலே பாயாது என்பது மட்டும்தான் ஆறுதல். முறுக்கை இறக்காமல் பிரித்தால் பற்கள் நொறுங்குவது அதிலும் அப்படியேதான் நடக்கும்.

ஆகவே, எதைக் கழற்றுவதற்கும் முன்னால் முறுக்கை இறக்க வேண்டும். இதற்கென்று உருண்டை மரப்பிடி போட்ட கருவி கிடைக்கிறது. கடிகாரச் சாவியை வைத்துச் செய்யாதீர்கள். அதன் இரண்டு காதுகளும் சுழன்று விரலை அடித்துவிடும். பிடியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, சாவி கொடுக்கும் திசையிலேயே ஒரு சிறிது திருப்பினால் கிளிக் தளரும். அதைக் குச்சியால் விலக்கிவிட்டு, பிடி கைக்குள் மெல்ல வழுகிச் சுழல விடுங்கள். அரைச் சுற்றோ ஒரு சுற்றோ ஆனதும் கிளிக்கைத் திரும்பப் பொருத்தி, கையை மாற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்படி, பிடியில் துளி இழுப்பும் இல்லை என்று ஆகும் வரைக்கும் செய்ய வேண்டும். திறந்த ஸ்பிரிங் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. முதலில் முழுக்க முறுக்கி, சுருளைச் சுற்றிக் கெட்டிக் கம்பி வளையத்தை மாட்டிவிட்டு, அதற்குப் பிறகே இறக்க வேண்டும். கண்ணாடியும் தோல் கையுறையும் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம்.

மணி அடிக்கிற கடிகாரமா? அப்படியானால் அதில் இரண்டு ஸ்பிரிங். நேரம் காட்டுவதற்கு ஒன்று, மணி அடிப்பதற்கு ஒன்று. கால்மணிக்கொரு தரம் இசைப்பது என்றால் மூன்று. அலாரம் டைம்பீஸிலும் அலாரத்துக்குத் தனி ஸ்பிரிங் உண்டு. ஒன்றை இறக்கிவிட்ட நிம்மதியில் மற்றதை மறந்து பிரிப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சாவித் துளைகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை துளையோ அத்தனை ஸ்பிரிங். அலாரம் டைம்பீஸில் துளைக்குப் பதில் பின்பக்கத்தில் சாவி கொடுக்கும் திருகுகளைப் பாருங்கள். பெண்டுலத்தோடு ஆடும் நங்கூர வடிவத் துண்டைக் கழற்றிவிட்டால் சக்கரம் தானாக ஓடித் தீர்ந்துவிடும் என்று யாராவது குறுக்குவழி சொன்னால் கேட்காதீர்கள். கட்டுப்பாடில்லாமல் சுழலும் சக்கரம் திடீரென்று எங்காவது தட்டி நிற்கும்போது அச்சு வளைந்துபோகும். முறுக்கை இறக்கும் வேலையைக் காட்டாமலே 'பத்து நிமிஷத்தில் கடிகாரம் பிரிப்பது எப்படி' என்று சொல்லித்தரும் வீடியோவையும் நம்பாதீர்கள்.

இன்னொரு ஆபத்து சத்தமே இல்லாதது. இருட்டில் ஒளிர்வதற்காக எண்களிலும் முள்களிலும் பூச்சு பூசிய பழைய டைம்பீஸ் உங்களிடம் இருந்தால், கண்ணாடியைத் திறக்காதீர்கள். பூச்சைச் சுரண்டவே சுரண்டாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தப் பூச்சு ரேடியத்தில் செய்யப்பட்டது. 'இப்போதுதான் ஒளிரவில்லையே' என்று சமாதானம் சொல்லிக்கொள்வது பெரிய தவறு. ரேடியத்தோடு கலந்த துத்தநாக சல்பைடு கெட்டுப்போனதால் ஒளி நின்றதே தவிர, ரேடியம் அப்படியே இருக்கிறது. அது பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடி மூடியிருக்கும்போது ஆபத்து குறைவு. உதிரும் தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் பயங்கரம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆரஞ்சு என்ற ஊரில், இந்தப் பூச்சைத் தீட்டிய இளம்பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். உடம்பு ரேடியத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி எலும்பில் சேர்த்துக்கொண்டது. தாடை எலும்பு அரித்துப்போய்ப் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் சிலர் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. உங்கள் வரவேற்பறை அலமாரியில் இருப்பது அதே பூச்சாக இருக்கலாம். பழுதுபார்த்துப் பழகுவதற்கு அது வேண்டவே வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் மூடியபடியே வைத்துவிடுங்கள்.

எண்ணெய், சுத்தம் செய்வது பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே அடிபடுவது உங்கள் கையல்ல, கடிகாரம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசுபிசுத்துப் பிசினாகும். டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், அது கடிகார எண்ணெயே அல்ல. கடிகாரத்துக்கென்று விற்கும் எண்ணெயை அச்சு முனை உட்காரும் குழியில் ஒரு சொட்டு வைத்தால் போதும். பற்களில் எண்ணெய் படவே கூடாது. தூசியோடு குழைந்து அரத்தூளாகி எஃகையே தேய்த்துவிடும். பித்தளை பளபளக்கட்டும் என்று குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்தால், புளியின் அமிலம் எஃகு அச்சுகளைத் துருவாக்கும். வெள்ளி பூசிய முகப்பில் பிராசோ போட்டால் எண்களே காணாமல் போகும்.

பெட்ரோலில் கழுவுவது தீயை வீட்டுக்குள் அழைப்பது. அம்மோனியா கலந்த கரைசலில் பித்தளையை நெடுநேரம் ஊறப் போடுவதும் வேண்டாம். இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் எழுந்த அம்மோனியாதான் பித்தளையைப் பிளந்தது என்று பிற்பாடு 1921-ல் கண்டறிந்தார்கள்.

சங்கிலியில் தொங்கும் எடைகளால் ஓடும் நெட்டைக் கடிகாரம் என்றால், முதலில் எடைகளைக் கழற்றிக் கீழே வையுங்கள். ஒவ்வொன்றும் பல கிலோ. எந்தக் கடிகாரத்தை நகர்த்துவதானாலும் பெண்டுலத்தைத் தனியாக எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதைத் தாங்கும் மெல்லிய பட்டை முறியும். பெண்டுலத்தில் கண்ணாடிக் குப்பியும் அதற்குள் பாதரசமும் தெரிந்தால் சாய்க்காதீர்கள், திறக்காதீர்கள்.

கற்றுக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டொனால்ட் டி கார்ல் 1952-ல் எழுதிய 'பிராக்டிகல் கிளாக் ரிப்பேரிங்' போன்ற நல்ல கைநூல்கள் இருக்கின்றன. ஊரில் இன்னும் கடை வைத்திருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், அவர் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, முறுக்கு இறக்குவதை ஒரு தரமாவது கண்ணால் பாருங்கள். அதன்பிறகு மணி அடிக்காத, ஒரே ஸ்பிரிங் உள்ள, ஒளிரும் பூச்சு இல்லாத மலிவான கடிகாரம் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி அதில் பழகுங்கள். தாத்தாவின் கடிகாரம் அதுவரை பரணிலேயே இருக்கட்டும்.