கல்வெட்டுத் தரவுத்தளத்தில் ஓ.ஆர்.எம். கருவியும் நேரடி வினவலும்: திருவண்ணாமலைக் கல்வெட்டுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கல்வெட்டுச் செய்திகளைத் தரவுத்தளமாக்கும்போது, வினவல்களைக் கைப்பட எழுதுவதா, ஓ.ஆர்.எம். எனப்படும் இடைநிலைக் கருவியிடம் ஒப்படைப்பதா என்னும் வினா எழுகிறது. பொதுவாக இது நிரலாளரின் வசதி பற்றிய வினாவாகவே கருதப்படுகிறது. கல்வெட்டாய்வில் எண்ணிக்கையே சான்றாக நிற்கும் இடங்களில் இது ஆய்வுமுறை பற்றிய வினாவாகிறது. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகளின் இயல்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஓ.ஆர்.எம். பதிவுப் பணிக்கு உகந்தது என்பதையும், ஆய்வு முடிவுக்கு அடிப்படையாகும் வினவல் கண்ணுக்குப் புலப்படும் வடிவில் இருத்தல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்வெட்டியல், தொடர்புசார் தரவுத்தளம், ஓ.ஆர்.எம்., வினவல், திருவண்ணாமலை, ஜேங்கோ.

முன்னுரை

தமிழ்க் கல்வெட்டாய்வுக்குக் கணினி புதியதன்று. நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்குக் கணினியின் துணையுடன் உருவாக்கிய அடைவு 1978இல் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு பட்டப்பெயர் எந்தக் காலத்தில் மிகுந்து வருகிறது, எப்பகுதியில் அருகுகிறது என்பன போன்ற வினாக்களுக்கு எண்ணிக்கையால் விடை காணும் போக்கு அதனால் வலுப்பெற்றது. அச்சு அடைவில் ஒரு வசதி இருந்தது. எண்ணிக்கையை ஐயுறுபவர் பக்கத்தைப் புரட்டித் தாமே எண்ணிப் பார்க்கலாம். இன்றைய தரவுத்தளத்தில் அந்த இடத்தை வினவல் பெறுகிறது. வினவல் தெரியாவிட்டால் எண்ணிக்கையைச் சரிபார்க்க வழியில்லை.

திருவண்ணாமலைக் கல்வெட்டுகள் இவ்விவாதத்திற்குப் பொருத்தமான களம். சோழர், காடவர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார், நாயக்கர் எனப் பல மரபினரின் காலத்துச் செய்திகள் ஒரே வளாகத்தில் உள்ளன. கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டுகளும், கிருட்டிணதேவராயர் ஆயிரங்கால் மண்டபமும் பதினொரு நிலைக் கோபுரமும் எடுப்பித்த செய்தியைக் கூறும் கல்வெட்டும் இவற்றுள் அடங்கும். இக்கோயிலின் கல்வெட்டுகள் பல தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் (1937) பாடமாக அச்சேறின. பின்னர் பி.ஆர். சீனிவாசன் பதிப்பில், பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வெளியீடாக 1990இல் விரிவான தொகுப்பு வந்தது. ஆகவே ஒரே கல்வெட்டு ஆண்டறிக்கை எண், தொகுதி எண், பிரெஞ்சு நிறுவனப் பதிப்பு எண் என மூன்று எண்களால் சுட்டப்படலாம். இவ்வெண்களைத் தனி அட்டவணையில் வைத்து ஒரே கல்வெட்டோடு பிணைக்காவிட்டால், ஒரு கொடை மூன்று கொடையாக எண்ணப்படும். கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே எழும் சிக்கல் இது.

ஓ.ஆர்.எம். என்பது யாது?

எட்கர் காட் 1970இல் முன்மொழிந்த தொடர்புசார் மாதிரி, தரவை அட்டவணைகளாகவும் அவற்றிடையேயான தொடர்புகளாகவும் பார்க்கிறது. அவ்வட்டவணைகளிடம் வினவுவதற்கு ஐ.பி.எம். நிறுவனத்தில் சேம்பர்லின், பாய்சு இருவரும் 1974இல் அறிமுகப்படுத்திய மொழியே இன்றைய எஸ்.க்யூ.எல்.லின் மூலம். நிரல்மொழிகளோ வேறொரு திசையில் வளர்ந்தன. அவை உலகைப் பொருள்களாகக் காண்கின்றன. ஒவ்வொரு பொருளும் தன் பண்புகளையும் செயல்களையும் தன்னுள்ளே கொண்டிருக்கும். இவ்விரு பார்வைகளுக்கும் இடையில் நின்று மொழிபெயர்க்கும் கருவியே ஓ.ஆர்.எம். ஜாவாவில் ஹைபர்நேட் (2001), பைத்தானில் ஜேங்கோவின் உள்ளமைந்த ஓ.ஆர்.எம். (2005), எஸ்.க்யூ.எல். ஆல்கெமி (2006) ஆகியன பரவலாகப் பயன்படுபவை. இம்மொழிபெயர்ப்பு ஒருபோதும் முழுமையடையாது என்று டெட் நியூவர்டு 2006இல் கடுமையாக எழுதினார். அவருடைய கடுமை முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை; ஆனால் மொழிபெயர்ப்பில் எதையோ இழக்கிறோம் என்பதைத் தமிழாய்வாளருக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை.

தரவுத்தளமே ஒரே வழி என்பதும் இல்லை. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியுதவியுடன் 2019இல் தொடங்கிய 'தர்மா' திட்டம், கல்வெட்டுப் பாடங்களை எபிடாக் முறையில் குறியிட்ட ஆவணங்களாக வைக்கிறது. பாடத்திற்கு அதுவே சிறந்த முறை. கொடை, அளவு, ஊர், ஆள் ஆகியவற்றைக் கூட்டிக் கணக்கிட வேண்டுமெனில் அட்டவணைகள் தேவைப்படும்.

பதிவுப் பணியில் கிடைக்கும் பயன்

ஓ.ஆர்.எம். தரும் முதற்பயன் அளவைகளில் தெளிவாகத் தெரியும். நெல்லளவில் 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். எனவே ஒரு கலம் 96 நாழி. பொன்னளவில் 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. பதிவாளர் '3 கலம் 5 குறுணி 2 நாழி' என்று கல்வெட்டில் உள்ளவாறே உள்ளிட, தரவுத்தளம் 330 என்னும் ஒரே எண்ணாகச் சேமிக்கவும், திரையில் மீண்டும் பழைய வடிவிலேயே காட்டவும் ஒரு தனிப் புலவகையை ஒருமுறை எழுதிவிட்டால் போதும். அளந்த மரக்கால் இன்னதென்று கல்வெட்டே கூறும் இடங்களில் அதற்கும் ஒரு புலம் சேர்க்கலாம். இதே பணியை ஒவ்வொரு வினவலிலும் கைப்படச் செய்தால் பத்தாவது வினவலில் எங்கேனும் 96க்கு மாற்றாக 90 நுழைந்துவிடும்.

இரண்டாவது, மாற்ற வரலாறு. கல்வெட்டுத் தரவின் அமைப்பு முதல் நாளிலேயே முடிவாவதில்லை. கொடையாளர் ஒருவரே என்று தொடங்கிய அட்டவணை, ஊரார் கூடி அளித்த கொடையைக் கண்டதும் மாறவேண்டியிருக்கும். ஜேங்கோவில் 2014 முதல் உள்ளமைந்திருக்கும் 'மைக்ரேஷன்' வசதி இத்தகைய ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கோப்பாக வரிசைப்படுத்தி வைக்கிறது. பதிப்பாசிரியரின் முடிவுகள் எந்த வரிசையில் எடுக்கப்பட்டன என்பதற்கு அக்கோப்புகள் ஆவணமாகின்றன. கைப்பட எழுதும் முறையில் இவ்வொழுங்கைத் தனியே முயன்று பேண வேண்டும்; பெரும்பாலோர் பேணுவதில்லை.

பாதுகாப்பு பற்றிய வாதத்தை மிகைப்படுத்த வேண்டியதில்லை. தேடுபெட்டியில் உள்ளிடும் சொல்லை வினவலோடு அப்படியே ஒட்டினால் தாக்குதலுக்கு இடமாகும் என்பது உண்மை. மதிப்பைத் தனியே பிணைத்து அனுப்பும் முறை நேரடி வினவலிலும் உண்டு.

புள்ளி மறைக்கும் கருத்து

ஓ.ஆர்.எம். நிரலில் கல்வெட்டின் அரசனைப் பெற, 'கல்வெட்டு' என்னும் பெயருக்குப் பின் ஒரு புள்ளியிட்டு 'அரசன்' என எழுதினால் போதும். எழுத எளிது. ஆயினும் அப்புள்ளி ஒரு கருத்தை உண்மைபோல் ஆக்கிவிடுகிறது. சோழர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் பூண்டவர்கள். இயற்பெயரோ மெய்க்கீர்த்தியோ இன்றிக் 'கோப்பரகேசரிபன்மர்' என்று மட்டும் தொடங்கும் கல்வெட்டு யாருடையது என்பது எழுத்தமைதி, உள்ளடக்கம், உடனுள்ள கல்வெட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு பதிப்பாசிரியர் எய்தும் முடிபு. ஆகவே அரசனைக் கல்வெட்டின் பண்பாக வைக்காமல், 'அடையாளம் காணல்' என்னும் தனி அட்டவணையில், கண்டவர், காரணம், உறுதிநிலை ஆகியவற்றுடன் வைப்பதே முறை. ஒரு கல்வெட்டுக்கு இரு அறிஞரின் இரு முடிபுகளும் அங்கு இடம்பெறலாம். ஓ.ஆர்.எம். இதைத் தடுப்பதில்லை, எளிய வழியின்பால் ஈர்க்கிறது, அவ்வளவே.

ஆட்சியாண்டும் இத்தகையதே. மூன்றாம் குலோத்துங்கன் 1178இல் ஆட்சியேற்றதாகக் கொண்டால் அவனது 20ஆம் ஆட்சியாண்டு 1197ஐ ஒட்டி அமையும். இக்கணக்கை வகுப்பினுள் ஒரு பண்பாக எழுதினால் அது பைத்தானுக்கு மட்டுமே தெரியும். தரவுத்தளம் அதைக் கொண்டு வடிகட்ட இயலாது. அதே தரவை நேரடி வினவலால் அணுகும் மற்றோர் ஆய்வாளர் அக்கணக்கு இருப்பதையே அறியமாட்டார்.

எண்ணிக்கை பிறழும் இடங்கள்

ஓ.ஆர்.எம். பற்றிய குறைகளுள் அதிகம் பேசப்படுவது வேகக்குறைவு. 500 கல்வெட்டுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயரைக் கேட்டால், கவனமின்றி எழுதிய நிரல் ஒரு வினவலுக்கு மாற்றாக 501 வினவல்களை அனுப்பும். இதற்குத் தீர்வுகள் உள்ளன. மேலும், மெதுவாக வரும் விடை தவறான விடையன்று. ஆய்வாளர் அஞ்ச வேண்டியது விரைவாக வரும் தவறான விடைக்கே.

நந்தாவிளக்குக் கொடையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் அளிக்கப்பட்டு, அவற்றை மன்றாடிகள் நால்வர் ஏற்று நெய்யளக்க உடன்பட்டனர் என ஒரு கல்வெட்டு கூறுவதாகக் கொள்வோம். கொடை ஓர் அட்டவணையிலும் மன்றாடிகள் மற்றோர் அட்டவணையிலும் இருக்கும். ஆடுகளின் கூட்டுத்தொகையையும் மன்றாடிகளின் எண்ணிக்கையையும் ஒரே கூற்றில் கேட்டால், ஜேங்கோ இரு அட்டவணைகளையும் கல்வெட்டோடு இணைத்துவிடுகிறது. அவ்விணைப்பில் கொடைப் பதிவு நான்குமுறை வரும். ஆடுகள் 384 ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. இப்படி நிகழும் என்று ஜேங்கோவின் ஆவணமே எச்சரிக்கிறது. வேறுபட்ட மதிப்புகளை மட்டும் கூட்டுமாறு பணித்தால் சரியாகும் என்று எண்ணுவோர், ஒரே கல்வெட்டில் 96 ஆடுகளாக இரு கொடைகள் வரும்போது ஒன்றை இழப்பர். ஒவ்வொரு தொகையையும் தனித் துணைவினவலில் கணக்கிடுவதே சரியான வழி.

கைப்பட எழுதும் வினவலிலும் இப்பிழை நேரும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே 'ஜாயின்' என்னும் சொல் வரிக்கு வரி கண்முன் நிற்கும். படிப்பவர் ஐயுறுவதற்கு ஓர் இடம் கிடைக்கும்.

சிதைந்த கல் எழுப்பும் சிக்கல் இதனினும் நுட்பமானது. அரசன் பெயர் உள்ள பகுதி உடைந்துவிட்டால் அப்புலம் வெறுமையாக இருக்கும். எஸ்.க்யூ.எல்.லில் வெறுமை என்பது 'அறியப்படாதது'. அதனுடன் எதை ஒப்பிட்டாலும் விடை உண்மையும் அன்று, பொய்யும் அன்று. எனவே 'அரசன் குலோத்துங்கன் அல்லாத கல்வெட்டுகள்' என்று நேரடியாக வினவினால், பெயர் சிதைந்தவை அனைத்தும் விடையிலிருந்து விடுபடும். அதே வினாவை ஜேங்கோவின் 'எக்ஸ்குளூட்' வழியாகக் கேட்டால், அது வெறுமையைத் தனியே கையாண்டு சிதைந்தவற்றையும் விடையில் சேர்க்கும். எஸ்.க்யூ.எல். ஆல்கெமியில் சமமின்மைக் குறியிட்டால் நேரடி வினவலைப் போலவே அவை விடுபடும். மூன்றும் பிழையற்றுச் செயல்படுகின்றன. எண்ணிக்கை மட்டும் வேறுபடுகிறது. சிதைவு மிகுந்த தொகுப்பில் இவ்வேறுபாடு ஒரு முடிபையே மாற்றக்கூடும். எந்தப் பொருளில் 'அல்லாத' என்று கேட்கப்பட்டது என்பதைக் கட்டுரை வெளிப்படக் கூறினாலன்றி, வாசகர் அதை அறிய வழியில்லை.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஒருங்குறியில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றே, தரவுத்தளத்திற்கு இரண்டு. 'கோப்பெருஞ்சிங்கன்' போன்ற பெயர்களிலும் இவ்வாறே நேரும். உள்ளிடும்போதே இயல்பாக்கம் செய்யாவிடில் ஓ.ஆர்.எம்., நேரடி வினவல் இரண்டும் ஒரே அளவில் தவறும்.

வினவலை வெளியிடுதல்

பதிவு, திருத்தம், திரைப்பக்கம் ஆகியவற்றை ஓ.ஆர்.எம். வழியாக நடத்தி, முடிபுக்கு அடிப்படையான ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் உரிய எஸ்.க்யூ.எல். வினவலைப் பின்னிணைப்பாக வெளியிடுவது தக்கது. ஓ.ஆர்.எம். உருவாக்கும் வினவலை ஜேங்கோவும் எஸ்.க்யூ.எல். ஆல்கெமியும் அச்சிட்டுக் காட்டும். அதைப் படித்துப் பார்த்த பின்னர் வெளியிடலாம். கருவியின் பதிப்பு மாறும்போது அது உருவாக்கும் வினவலும் மாறக்கூடும் என்பதால் நிரலை மட்டும் தருவது போதாது.

சில வினாக்களைத் தொடக்கத்திலிருந்தே கைப்பட எழுதுவது நன்று. நாட்டுப்பிரிவு அவற்றுள் ஒன்று. திருவண்ணாமலை பெண்ணையாற்றின் வடகரையில் வாணகோப்பாடியைச் சேர்ந்த அண்ணாநாட்டில் உள்ளதாகக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஊர் நாட்டிலும், நாடு அதனினும் பெரிய பிரிவிலும் அடங்கும். அடுக்குகளின் எண்ணிக்கை எல்லா இடத்தும் ஒன்றன்று. வளநாடுகளின் பெயர்கள் அரசர்தோறும் மாறியிருக்கின்றன. ஆகவே 'இடம், மேலிடம், காலம்' என மூன்று புலம் கொண்ட அட்டவணை ஒன்றே போதுமானது. ஆனால் ஓர் ஊரிலிருந்து மண்டலம் வரை ஏறிச்செல்லத் தன்னையே மீண்டும் அழைக்கும் வினவல் தேவை. எஸ்.க்யூ.எல்.லில் 'வித் ரிகர்சிவ்' என்னும் தொடர் இதற்கெனவே உள்ளது, எஸ்.க்யூ.எல். ஆல்கெமி அதை ஏற்கிறது. ஜேங்கோவின் இயல்பான வினவல் நடையில் அதற்கு இடமில்லை. அடுக்குகளை முன்கூட்டியே நான்கு என வரையறுத்து நான்கு புலங்களாக வைத்தால் ஜேங்கோவிலும் எளிதாக எழுதிவிடலாம். அவ்வாறு வைத்தால், கல்வெட்டு சொல்லாத அடுக்கையும் நிரப்புமாறு படிவம் பதிவாளரைக் கேட்கும்.