தலைவலிக்கு நரம்பு டாக்டரா?

"தலைவலிதானே? ஒரு சுக்குப் பற்றுப் போட்டுக்கிட்டுப் படு!"

பாடியில் எங்கள் பின்வீட்டுச் சகோதரிக்கு ஏழு வருஷமாகக் கிடைத்த வைத்தியம் இதுதான். பாதித் தலை விண் விண்ணென்று தெறிக்கும். தாளிக்கிற நெடி பட்டாலே குமட்டும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். வெளியே குழந்தை கதவைத் தட்டி அழும். கண்ணாடி மாற்றிப் பார்த்தாயிற்று, சைனஸுக்கு மருந்தும் சாப்பிட்டாயிற்று. கடைசியில் தெரு முனை டாக்டரம்மா, "நியூராலஜிஸ்ட்டைப் பார்த்துடும்மா" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டில் ஒரே நிசப்தம்! மாமியார் மெதுவாகக் கேட்டார்: "ஏண்டி, கீழ்ப்பாக்கத்துக்கா?"

நம் ஊரில் கீழ்ப்பாக்கம் என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லவும் வேண்டுமா! நியூராலஜிஸ்ட் என்பவர் மனநோய் மருத்துவர் அல்ல. தலையைத் திறந்து ஆபரேஷன் செய்பவரும் அல்ல. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கியது மூளை அறுவைச் சிகிச்சை. அது வேறு துறை. மூளை, நரம்பு சம்பந்தமான நோய்களை மருந்தால் கவனிப்பவர்தான் நரம்பியல் மருத்துவர். ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், அவருக்குத் தினசரி வேலை.

பாடிக்காரர்களுக்குப் போக்குவரத்து சிரமமில்லை. கொரட்டூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே ஜி.எச். இப்போது அதன் பெயர் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே நரம்பியலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தனியார் டாக்டரிடம் போனாலும் சரி, வெறும் வயிற்றோடு மட்டும் போகாதீர்கள். ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பசியும், வெயிலும், காத்திருப்பும் சேர்ந்தால் அங்கேயே வலி வந்து உட்கார்ந்துவிடும்!

இனிதான் முக்கியமான சமாசாரம். மைக்ரேனைக் காட்டிக் கொடுக்கிற ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஸ்கேனிலும் அது தெரியாது. நீங்கள் சொல்கிற கதையை வைத்துத்தான் டாக்டர் கண்டுபிடிக்க வேண்டும். நாமோ அங்கே போனதும், "அப்பப்போ வரும் டாக்டர், தானாப் போயிடும்" என்று இழுப்போம். மீதியைப் பக்கத்தில் இருக்கும் கணவர் சொல்லிவிடுவார். பின்வீட்டுச் சகோதரி, "மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். போவதற்கு முன் ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்த்தால், பதினோரு நாள்!

இதற்குத் தனி நோட்டு வேண்டாம். பால் கணக்குக் குறிக்கிற மாதக் காலண்டரே போதும். வலி வந்த நாள், எத்தனை மணி நேரம் இருந்தது, என்ன மாத்திரை எத்தனை, மாதவிலக்கு நாள் எது, அன்று எந்த வேலை நின்றது... அவ்வளவுதான். விரதம் இருந்த நாளா, குழந்தை தூங்கவிடாத ராத்திரியா என்பதையும் எழுதுங்கள். மருந்து சாப்பிடாவிட்டால் மைக்ரேன் பொதுவாக 4 மணியிலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். வலிக்கு முன் கண்ணெதிரே மின்னலோ, வளைந்து வளைந்து கோடுகளோ தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அப்படித் தெரிகிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

மாத்திரைக் கணக்கை மட்டும் மறைக்காதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதாரண பாரசிட்டமாலையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். பல மருந்து கலந்த வலி மாத்திரைக்குப் பத்து நாளே போதும். திட்டுவாரோ என்று நாம் பயந்து மறைப்பது இதைத்தான். டாக்டருக்கு மிகவும் தேவைப்படுவதும் இதுதான்.

பரிசோதனை வலிக்காது. ரத்த அழுத்தம் பார்ப்பார். சிறு விளக்குக் கருவியால் கண்ணுக்குள்ளே பார்ப்பார். மூளையில் அழுத்தம் கூடியிருந்தால் அங்கே அடையாளம் தெரியும். நாக்கை நீட்டச் சொல்வார், முழங்காலில் சுத்தியலால் தட்டுவார், நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். எல்லாருக்கும் ஸ்கேன் எழுதமாட்டார். எழுதவில்லையே என்று குறைப்பட வேண்டாம்.

"இழுப்பு உண்டா?" என்று அவர் கேட்டால் காரணம் இருக்கிறது. வலி வராமல் தடுக்கக் கொடுக்கிற ப்ரொப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அமிட்ரிப்டிலின் எழுதினால், "இது மனக்கவலைக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே" என்று யாராவது பயமுறுத்துவார்கள். குறைந்த அளவில் அது தலைவலிக்கும் நல்ல மருந்து. அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தாலும், தாய்ப்பால் கொடுத்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். மைக்ரேனுக்குத் தருகிற வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கக்கூடியது.

அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராமல் உடனே ஓட வேண்டிய தலைவலிகளும் உண்டு. இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போவது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. கை கால் மரப்பது, பேச்சுக் குழறுவது. கர்ப்பிணிக்குக் கண் மங்கி வலிப்பது. பிள்ளை பெற்ற சில வாரங்களில் விடாமல் வலித்தால் அதையும் அசட்டை செய்யாதீர்கள். மூளையின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். மதுரை டாக்டர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் இப்படிப் பாதிக்கப்பட்ட 135 பேரைப் பற்றி 1983-ல் எழுதினார். உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் உறைவது எளிது. அதனால், 'பச்சை உடம்பு' என்று சொல்லித் தண்ணீரைக் குறைக்கிற பத்தியம் நம் வீடுகளில் வேண்டவே வேண்டாம்.

தடுப்பு மருந்து பலன் காட்ட ஆறு, எட்டு வாரம் ஆகலாம். பத்து நாளில் சலித்துப்போய் நிறுத்திவிடாதீர்கள். பின்வீட்டுச் சகோதரி இரண்டாம் தடவை போனபோது, காலண்டர் தாள்களைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பதினொன்று ஐந்தாகியிருந்தது. கூடவே மாமியாரும் கிளம்பினார். அவருக்கும் முப்பது வருஷமாகத் தலைவலியாம்!