டான்சிலை எடுத்த பிறகும் தொண்டையில் முள்!

ஆபரேஷன் முடிந்தும் தொல்லை தீராதவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

சாந்தோம் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரை எடுத்துக் கொள்ளுங்கள். வயது 38. மாதம் தவறாமல் தொண்டை கட்டும். காய்ச்சல் அடிக்கும். எச்சில் கூட விழுங்க முடியாது.

"டான்சிலை எடுத்து விடலாம்" என்றார்கள். எடுத்தும் விட்டார்கள்.

பத்து நாள் கடையை மூடினார். கஞ்சியும் மோருமாகக் காலம் தள்ளினார். காய்ச்சல் நின்றது.

ஆனால் ஆறு மாதம் கழித்தும் தொண்டையில் முள் குத்துவது போல் ஓர் உறுத்தல்! காலையில் எழுந்தால் குரல் கம்முகிறது. நிமிஷத்துக்கு ஒரு தடவை செருமுகிறார்.

"இன்னா அண்ணாச்சி, ஆபரேசன் பண்ணியும் இன்னும் கனைச்சிக்கினே கீறியே?" என்று கேட்கிறார், கூடையை இறக்கி வைத்து விட்டு வெற்றிலை வாங்க வந்த நொச்சிக்குப்பத்து மீன்கார அக்கா.

"அத ஏன்க்கா கேக்கிய! சங்கரா முள்ளு மாட்டுன மாதிரியே இருக்கு. சோத்த உருண்டையா முழுங்கிப் பாத்தாச்சு. பழத்த முழுங்கிப் பாத்தாச்சு. எறங்க மாட்டேங்கு."

"பஞ்ச கிஞ்ச உள்ள வச்சுத் தச்சுட்டாங்களோ இன்னாவோ!"

சொல்லி விட்டு அக்கா போய் விட்டார். அண்ணாச்சிக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. பஞ்சா? முள்ளா? அல்லது சொல்லக் கூசும் அந்த வியாதியா?

இவர் ஒருவர் கதை அல்ல. பெரிய வயதில் டான்சில் எடுத்துக் கொண்ட பலர் கேட்கும் கேள்விதான் இது: "எடுத்த பிறகும் ஏன் போகவில்லை?"

எடுத்தது எதை?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். நம் வீடுகளில் டான்சிலை "உள்நாக்கு" என்று சொல்லி விடுகிறோம். அது தவறு. வாயைத் திறந்தால் நடுவில் மணி போல் தொங்குவதுதான் உள்நாக்கு. அதற்கு இரண்டு பக்கமும் பாக்கு அளவில் இருக்கும் சதைதான் டான்சில்.

இந்த இரண்டு சதை மட்டும் தனியாக இல்லை. நாக்கின் அடியிலும், மூக்கின் பின்புறத்திலும் இதே வகைச் சதை உண்டு. எல்லாம் சேர்ந்து தொண்டை வாசலில் ஒரு வளையம் போல் அமைந்திருக்கின்றன. ஜெர்மன் டாக்டர் வால்டேயர் 1884-ல் இதை விவரித்தார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

ஆபரேஷனில் போவது வளையத்தின் இரண்டு பக்கச் சதை மட்டுமே. மற்றவை அப்படியே இருக்கின்றன. ஆகவே ஜலதோஷம் பிடித்தால் எல்லோருக்கும் வருவது போல் தொண்டை வலி வரத்தான் செய்யும்.

இரண்டு வருஷக் கணக்கு

இது வெறும் பேச்சு அல்ல. கணக்குப் போட்டே பார்த்து விட்டார்கள்.

பிரிட்டனில் அடிக்கடி டான்சில் தொல்லைக்கு ஆளான பெரியவர்கள் 453 பேர். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். மறு பாதிக்கு மருந்து, மாத்திரை, கவனிப்பு. இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2023-ல் "லான்செட்" மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஆபரேஷன் செய்து கொண்டவர்களுக்கு அந்த இரண்டு வருஷத்தில் நடுத்தரக் கணக்காக 23 நாள் தொண்டை வலி. செய்து கொள்ளாதவர்களுக்கு 30 நாள்.

பலன் உண்டு என்பது நிச்சயம். ஆனால் அந்த 23 நாளையும் கவனியுங்கள்! டான்சில் போன பிறகும் வலி அடியோடு போய் விடவில்லை. அதோடு, ஆபரேஷன் ஆனவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு ரத்தக் கசிவு ஏற்பட்டது.

முதல் இரண்டு வாரம்

குழந்தைகளுக்கு டான்சில் எடுத்தால் சில நாளில் ஓடி ஆடும். பெரியவர்களுக்கு அப்படி இல்லை. 10 முதல் 14 நாள் வரை நல்ல வலி இருக்கும். நாலாம் நாள், ஐந்தாம் நாள் வலி கூடுவதும் உண்டு.

புண் மேல் வெள்ளையாக ஏடு படியும். "சீழ் பிடித்து விட்டது" என்று கண்ணாடியில் பார்த்துப் பதறுவார்கள். அது சீழ் அல்ல. புண் ஆறும்போது படியும் பொருக்கு. விரலால் சுரண்டக் கூடாது. உள்நாக்கைத் தூக்கி விடுகிறேன், மிளகு உப்பு வைத்து அழுத்துகிறேன் என்று யாராவது வந்தால் கிட்டவே விடாதீர்கள்.

காது வலிக்கும். காதில் கோளாறு இருக்காது. தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. புண் இருப்பது தொண்டையில். வலி தெரிவது காதில்.

வலிக்குப் பயந்து பட்டினி கிடப்பதுதான் பெரிய தப்பு. விழுங்க விழுங்கத்தான் தொண்டைத் தசை இளகும். தண்ணீர் குறைந்தால் வலியும் கூடும்.

ரத்தம் வந்தால் மட்டும் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காதீர்கள். முதல் 24 மணி நேரத்தில் வரலாம். அல்லது 5-ம் நாளிலிருந்து 10-ம் நாளுக்குள், பொருக்கு உதிரும் சமயம் வரலாம். "கொஞ்சம்தானே" என்று விட்டு விடக் கூடாது. ராத்திரி ஆனாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.

மாதக் கணக்கில் நீடித்தால்?

இரண்டு வாரம் தாண்டி, மாதமும் தாண்டி, உறுத்தல் போகவில்லையா? அதற்குக் காரணங்கள் பல.

வயிற்றுப் புளிப்பு: பலரும் நினைத்தே பார்க்காத காரணம் இது. வயிற்றிலுள்ள அமிலம் இரவில் படுத்திருக்கும்போது தொண்டை வரை ஏறி வருகிறது. நெஞ்செரிச்சல் இருக்க வேண்டும் என்ற அவசியம் கூட இல்லை. காலையில் குரல் கம்மல், தொண்டையில் ஏதோ அடைத்த உணர்ச்சி, ஓயாத செருமல். இவைதான் அடையாளம்.

மூக்கு: ஒவ்வாமையால் மூக்கின் பின்புறம் சளி தொண்டைக்குள் ஒழுகும். கோளாறு மூக்கில். பழி டான்சிலுக்கு!

மிச்சம்: ஆபரேஷனில் டான்சிலின் துணுக்கு விட்டுப் போயிருந்தால் அது மறுபடி வீங்கலாம். நாக்கின் அடிச்சதை பெருத்தும் உறுத்தலாம்.

ருசி: சிலருக்கு நாக்கில் கசப்பு, தகர வாடை. ஆபரேஷனின்போது வாயைத் திறந்து வைக்கும் கருவி நாக்கை அழுத்துகிறது. ருசி நரம்பும் பக்கத்திலேயே ஓடுகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் ருசி திரும்பி விடும்.

குரல்: தொண்டை அறையின் அளவு மாறுவதால் குரலில் சிறு மாற்றம் தெரியலாம். பாடுகிறவர்களும் பள்ளிக்கூட ஆசிரியர்களும் இதை உடனே உணர்ந்து விடுவார்கள். தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறுவதும் சிலருக்கு உண்டு. வழக்கமாகச் சில வாரங்களில் சரியாகும். நீடித்தால் காட்ட வேண்டும்.

நிஜமாகவே ஒரு முள்!

இன்னொரு காரணம் விசித்திரமானது. காதுக்குக் கீழே, மண்டை ஓட்டிலிருந்து ஊசி போல் ஓர் எலும்பு கீழ்நோக்கி இறங்குகிறது. சாதாரணமாக இரண்டரை, மூன்று சென்டி மீட்டர் நீளம். சிலருக்கு அதற்கு மேல் வளர்ந்திருக்கும். அதன் நுனி டான்சில் இருந்த இடத்துக்கு அருகில் வந்து நிற்கும்.

டான்சில் எடுத்த தழும்பு அங்கே இறுகும்போது, விழுங்கினால் குத்தும், தலையைத் திருப்பினால் குத்தும், காது வலிக்கும். மீன் முள் மாட்டியது போலவே இருக்கும். அமெரிக்க டாக்டர் வாட் ஈகிள் 1937-ல் இதை எழுதினார். டாக்டர் உள்ளே விரல் விட்டு அழுத்திப் பார்ப்பார். எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுப்பார். இது அரிது. ஆனால் "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் கேலி செய்யும் சிலருக்கு நிஜமாகவே முள் இருக்கக் கூடும்!

தொண்டை முள் பற்றிய பயம் இன்று நேற்று வந்ததல்ல. கத்தோலிக்கக் கோயில்களில் பிப்ரவரி 3-ந் தேதி இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகக் கட்டிக் கழுத்தருகே வைத்து ஆசி கொடுப்பார்கள். அது புனித பிளேசியார் திருநாள். மீன் முள் சிக்கிய ஒரு பையனை அவர் காப்பாற்றினார் என்பது ஐதீகம். கட்டுமரக்காரர்களும் கதீட்ரலும் பக்கம் பக்கமாக இருக்கும் சாந்தோமுக்கு இந்தக் கதை பொருத்தம்தான்.

எதற்குப் பயப்பட வேண்டும்?

இப்போது அந்தச் "சொல்லக் கூசும்" வியாதி. டான்சில் எடுத்ததால் தொண்டைப் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் எடுத்தவருக்கும் அது வரலாம். "பழைய ஆபரேஷன் வலிதான்" என்று அலட்சியமாக இருந்து விடுவதுதான் ஆபத்து.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல். ஒரே பக்கமாக ஓயாத வலி. கழுத்தில் கட்டி. சாப்பாடு இறங்காமை. காரணமின்றி உடம்பு இளைத்தல். எச்சிலில் ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள். பீடி, சிகரெட், புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம்.

நமக்குப் பக்கத்திலேயே, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். தள்ளிப் போட்டால் அந்த வாய்ப்பும் தள்ளிப் போகிறது.

எடுக்கும் முன் கேளுங்கள்

இன்னும் எடுக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இது: ஒரே வருஷத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருஷம் தொடர்ந்து வருஷத்துக்கு 5 தடவை, அல்லது மூன்று வருஷம் தொடர்ந்து வருஷத்துக்கு 3 தடவை கடுமையாக வந்திருந்தால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம். சீழ்க்கட்டி, மூச்சடைப்பு, ஒரு பக்கம் மட்டும் வீக்கம் என்றால் அது வேறு விஷயம்.

ஒரு காலத்தில் கண்ணை மூடிக் கொண்டு எடுத்தார்கள். 1934-ல் நியூயார்க்கில் 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே எடுத்தாகி விட்டது! மீதி 389 பேரை டாக்டர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு "எடு" என்றார்கள். தப்பிய 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள். அவர்கள் 99 பேருக்கு "எடு" என்றார்கள். மிஞ்சிய 116 பேரை மூன்றாவது முறை காட்டியபோதும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதே பதில்!

ஆகவே, "எத்தனை தடவை வந்தது?" என்று காலண்டரில் குறித்து வையுங்கள். "எடுத்தால் எது போகும், எது போகாது?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

அண்ணாச்சி என்ன ஆனார்?

ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரி, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற இடங்களில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. நம் அண்ணாச்சி மாதிரி ஒருவர் அங்கே போனால், மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுக் குரல்வளை வரை பார்த்து விடுவார்கள். சில நிமிஷ வேலை.

பஞ்சு இராது. முள் இராது. அமிலம் பட்டுச் சிவந்த குரல்வளை தெரியும்.

டாக்டரின் முதல் கேள்வி, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க?" என்பதாகத்தான் இருக்கும்.

"கடைய அடைக்கவே பதினொண்ணு ஆயிரும் சார். நாலு புரோட்டா. அப்படியே படுத்திருவேன்."

அங்கேதான் இருக்கிறது வினை! படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கல். காபி, எண்ணெய்ப் பலகாரம் குறைப்பு. புகைக்கு முழுக்கு. டாக்டர் சொன்ன மாத்திரை, சொன்ன நாள் வரை. செருமத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர். செருமச் செருமக் குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதிப் புண்ணாகும். புண்ணாக ஆக இன்னும் செருமத் தோன்றும்.

இது ஒரே வாரத்தில் தீராது. இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

எட்டு மணிக்கே கடையிலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிடும் அண்ணாச்சியைப் பார்த்து, "இன்னா, இன்னிக்கும் புரோட்டா இல்லியா?" என்று மீன்கார அக்கா கேட்கட்டும். சங்கரா வாங்க மட்டும் இனி பயப்பட வேண்டாம்!