உறவைக் காத்த பிரிவு

நல்லதற்குப் போகாவிட்டாலும் கெட்டதற்குப் போக வேண்டும் என்பது தமிழ்க் குடும்பங்களில் பெரியோர் வாக்கு. சென்று காண்பதே உறவுக்கு உயிர் என்று கருதிய மக்களுக்கு, செல்லாதிருப்பதே உறவினர்க்குச் செய்யும் உதவி என்ற நிலை 2020-ஆம் ஆண்டின் பங்குனி, சித்திரையில் வந்தது. கொரோனாத் தொற்றைத் தடுக்க மலேசிய அரசு பிறப்பித்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அவ்வாண்டு மார்ச் 18-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நோயைத் தடுப்பதற்குக் குடும்பங்களின் போக்குவரத்தை ஏன் நிறுத்த வேண்டியதாயிற்று என்பது எண்ணத்தக்கது.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் உள்ள ஜுரு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். பழைய ஜுரு தோட்டத்தின் பெயரை அங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது. தோட்டங்களிலிருந்து பிரிந்து சென்ற குடும்பங்களின் உறவு பல ஊர்களில் பரவிக் கிடக்கும். அருகிலுள்ள கூலிம் கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. தெற்கே பாரிட் புந்தார் பேராக்கைச் சேர்ந்தது. ஜார்ஜ் டவுனுக்கோ 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்தைக் கடந்து செல்லலாம். ஏப்ரல் 1 முதல், பொருள் வாங்க வெளியே செல்வோர் வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. பாலத்தின் மொத்த நீளமே 13.5 கிலோமீட்டர். ஞாயிறுதோறும் போய்வந்த அண்ணன் வீடும் அத்தை வீடும் ஒரே நாளில் தொலைதூரமாயின.

பழைய இரு வழிகள்

நோய்க்கு அஞ்சி வீட்டை அடைத்துக் கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நெடுநாள் வழக்கம். அதைக் கண்டவர் உள்ளே நுழையார். அவ்வீட்டாரும் பிறர் வீடு செல்லார். அம்மனுக்குரிய ஒழுக்கமாக இதனை மக்கள் கொண்டனர். ஆயினும் தொற்றைத் தடுக்கும் பயனும் அதில் இருந்தது.

இன்னொரு வழி, ஜுருவுக்கு மேற்கே நீரிணையில் தெரியும் ஜெரஜாக் தீவில் நடைபெற்றது. கப்பலில் வந்த இந்தியத் தொழிலாளரை அங்கே சில நாள் தங்கவைத்து, நோயில்லை என்று கண்ட பின்னரே பினாங்குக்குள் விடுத்தனர்.

வேப்பிலை நோய் வெளிப்பட்ட பின் கட்டுவது. ஜெரஜாக், நோய் வெளிப்படுமோ என்று காத்திருப்பது. கொரோனாவுக்கு முதல் வழி போதவில்லை. அக்கிருமி உடலில் புகுந்தபின் குறிகள் தோன்றப் பெரும்பாலும் ஐந்தாறு நாளும், சிலருக்கு 14 நாள் வரையிலும் ஆயின. குறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பிறர்க்குத் தொற்றியது. நலமாக வந்து பாட்டியின் அருகில் அமர்ந்து உண்டு சென்ற பேரனும் அறியாமல் நோயை விட்டுச் சென்றிருக்கக் கூடும். மூடிய அறை, நெருங்கிய பேச்சு, நீண்ட நேரம் ஆகிய மூன்றும் தொற்றுக்கு ஏற்றவை. உறவினர் கூடுமிடத்தில் இம்மூன்றும் உண்டு. முதியோர்க்கே அந்நோய் மிகக் கொடியதாயிற்று.

எனவே ஒவ்வொரு வீடும் ஒரு ஜெரஜாக் ஆயிற்று. மார்ச் 18 முதல் 31 வரை, ஏப்ரல் 1 முதல் 14 வரை, பின் 28 வரை என ஆணையின் கட்டங்கள் பதினான்கு பதினான்கு நாளாகவே அமைந்தன.

வீட்டுக்குள் வாழ்வு

குடும்பத்துக்கு ஒருவரே கடைக்குச் செல்லலாம். ஏப்ரல் இறுதியில்தான் இருவர்க்கு இசைவு கிடைத்தது. பள்ளிகளும் கோயில்களும் மூடின. இரண்டாம் கட்டத்தின் கடைசி நாளான ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு. ஆனால் ஆணை நீடிக்கும் என்ற அறிவிப்பு 10-ஆம் நாளே வந்துவிட்டது. பெரியவர்களின் காலில் விழுந்து வாழ்த்துப் பெற வேண்டிய நாளில் கைப்பேசித் திரையே இடைநின்றது.

பண்டிகையைத் தள்ளிவைக்கலாம், சாவைத் தள்ளிவைக்க இயலாது. வேற்று மாநிலத்தில் நெருங்கிய உறவினர் இறந்தால் காவல் நிலையத்தில் அனுமதி பெற்றே செல்ல வேண்டியிருந்தது. பலர் கூடி அழுது துயரத்தைப் பகிரும் குடும்பத்தில், அழுகை சிலருடையதாகச் சுருங்கியது. ஆணையின் விலையை மக்கள் மிகுதியாகச் செலுத்திய இடம் இதுவே எனலாம்.

மே 4-இல் பல தொழில்கள் திறந்த பின்னும் உறவுப் பயணத்துக்குத் தடை நீங்கவில்லை. ஜூன் 10-இல்தான் மாநில எல்லைகள் திறந்தன. மார்ச் 26-இல் ஒரே நாளில் 235 பேருக்குக் கண்ட தொற்று, ஜூலைத் தொடக்கத்தில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அந்நோய் பின்னர் மேலும் கடுமையாகத் திரும்பியது உண்மையே. ஆயினும் 2021 பிப்ரவரியில் தடுப்பூசி வரும் வரையில், முதியோரைக் காக்க விலகி நிற்பதே பெருந்துணையாக இருந்தது.

அன்புக்கு அடையாளம் அருகில் இருப்பதே என்பது பொதுவிதி. அன்பு கருதியே அகன்று நிற்கவும் நேரும் என்பதை அந்தப் பங்குனியும் சித்திரையும் வீடுதோறும் உணர்த்தின.