சைக்கிள் பிரேமின் சாய்வில் இருக்கிறது சூட்சுமம்!

மும்பை: பொழுது விடியும் முன்பே தாராவியில் இருந்து இட்லி வியாபாரிகள் சைக்கிளில் புறப்பட்டு விடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். குண்டும் குழியுமான ரோட்டில் சாம்பார் தூக்கு கவிழ்ந்தால் அன்றைய லாபம் போச்சு!

புதுப்புது மாடல்கள் எத்தனையோ வந்து விட்டன. ஆனாலும் பாரம் ஏற்றுகிறவர்கள் 28 அங்குல சக்கரம் கொண்ட பழைய மாடல் சைக்கிளை விடவில்லை. சென்னை அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனியின் 'ஹெர்குலிஸ்' இந்த ரகம்தான். இதை விடாததற்குக் காரணம் பிடிவாதம் அல்ல, பிரேமின் அமைப்பு.

5 டிகிரி செய்யும் வேலை

ஹாண்டில்பார் இறங்கும் குழாயைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். செங்குத்தாக நிற்காது, பின்பக்கம் சாய்ந்திருக்கும். பந்தய சைக்கிளில் இது தரைக்குச் சுமார் 73 டிகிரி. பழைய மாடலில் சுமார் 67 அல்லது 68 டிகிரி. அதாவது சாய்வு அதிகம். போர்க்கின் முன்வளைவும் அதிகம். பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் போர்க் சற்று வளைந்து கொடுத்து அதிர்ச்சியைக் குறைக்கிறது.

இரண்டு சக்கரங்களின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம் பந்தய சைக்கிளில் சுமார் 1 மீட்டர். பழைய மாடலில் அதைவிட அரை அடி வரை கூடுதல். நீளம் கூடினால் குலுக்கல் குறையும். ஆனால் குறுகிய சந்தில் சட்டென்று திரும்பாது. மேம்பாலம் ஏறும்போதும் மூச்சு வாங்கும். ஒன்று வேண்டுமானால் ஒன்றை விடத்தான் வேண்டும்!

நேராக ஓடுவது எப்படி?

ஹாண்டில் குழாயின் கோட்டைத் தரை வரை நீட்டிப் பார்த்தால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சில அங்குலம் முன்னால் விழும். இந்த இடைவெளிக்கு 'டிரெயில்' என்று பெயர். தள்ளுவண்டியின் சுழலும் சக்கரம் தள்ளிய திசைக்குத் தானே திரும்புகிறதே, அதே தத்துவம்தான்.

டிரெயில் மட்டுமே காரணம் அல்ல. டிரெயிலே இல்லாதபடி செய்த ஒரு சோதனை சைக்கிளும் ஆள் இல்லாமல் விழாமல் ஓடியதை விஞ்ஞானிகள் 2011-ல் காட்டினார்கள். எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம் என்று அதில் தெரிந்தது. எனவே கேரியர் பாரத்தைத் தாழ்வாக, சீட்டை ஒட்டிக் கட்டுங்கள். பின் அச்சைத் தாண்டிப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி ஹாண்டில் ஆடும்.

வாங்கும் முன் பாருங்கள்

பழைய சைக்கிள் வாங்குவோர் முதலில் பிரேமைப் பார்க்க வேண்டும். ஹாண்டில் குழாயை ஒட்டிக் கீழ்ப்பாரின் அடியில் பெயிண்ட் சுருங்கியோ விரிந்தோ இருந்தால் எதிலோ மோதிய வண்டி. போர்க் பின்னால் மடங்கி, மட்கார்டு கால் விரலில் இடிக்கிறதா? புது பெயிண்ட் பார்த்து மயங்க வேண்டாம். பெயிண்ட் எதையும் மறைக்கும்!

மேல்பாருக்கு இருபுறமும் கால் ஊன்றி நில்லுங்கள். உடம்புக்கும் பாருக்கும் நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்தால் முழங்கால் வலி. உயர்ந்தால் இடுப்பு வலி. சீட்டை ஏற்ற இறக்க ஒரு ஸ்பானர் போதும். பிரேம் சிறிதாகவோ பெரிதாகவோ இருந்தால் எந்த ஸ்பானராலும் சரி செய்ய முடியாது.